மை தீருமுன் நிரப்ப வேண்டும்: இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜை மறுபடி பயன்படுத்துவது எப்படி

பிள்ளையின் பள்ளி புராஜெக்டுக்குப் படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு பக்கம் நன்றாக வந்தது. மூன்றாவதில் வானம் வெளிறிவிட்டது, நான்காவதில் ரோஸ் நிறமாகிவிட்டது. நீல மை தீர்ந்திருக்கிறது. இரவு எட்டு மணிக்குக் கடைக்கு ஓடி விலை கேட்டால், கருப்பும் கலருமாக ஒரு ஜோடி கார்ட்ரிட்ஜ், பிரிண்டர் வாங்கிய விலையில் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. "ரீஃபில் பண்ணிக்கலாமா அண்ணே?" என்று கேட்டால் கடைக்குக் கடை பதில் மாறும். ஒருவர் "தாராளமா பண்ணலாம் சார்" என்பார். அடுத்த கடைக்காரர் "வேணாம் சார், ஹெட் போயிடும், புதுசே வாங்கிக்கோங்க" என்பார். ஹெட் என்பது மையைத் தாளில் தெளிக்கும் பாகம்.

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். எந்த மையை, எவ்வளவு, முக்கியமாக எந்த நேரத்தில் நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல வருடங்களாக வீட்டில் நானே நிரப்பி வருகிறேன். ஆரம்பத்தில் நான்கைந்து கார்ட்ரிட்ஜ் கெட்டுப்போன பிறகுதான் அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படித்தேன். அதைத் தெரிந்துகொண்டபின் ஒன்றுகூட நிரப்பும்போது கெடவில்லை. அதனால் செய்முறைக்கு முன் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவோம்.

பிரிண்டரிலிருந்து கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகுப் பக்கம் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பட்டையும், அடியில் விரல் நகத்தைவிடச் சிறிய தகடும் இருந்தால், அது ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ். ஹெச்பி 680, 803, கேனன் பிஜி-745, சிஎல்-746 எல்லாம் இந்த வகை. வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான் என்பதால் இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பற்றியதே. செம்புப் பட்டை இல்லாமல், மை போகும் துளையும் ஒரு குட்டிச் சிப்பும் மட்டும் இருந்தால் அது வெறும் மைப் பெட்டி. அந்த வகையில் ஹெட் பிரிண்டருக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கும்.

அடியில் உள்ள அந்தத் தகட்டில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரர்கள் நாசில் என்பார்கள். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் அடுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும். தொட்டுக்கொண்டிருக்கும் மை கொதித்து ஒரு குமிழி எழும்பும். அந்தக் குமிழி தள்ளுகிற தள்ளலில் ஒரு சொட்டு மை துளை வழியாகத் தெறித்துத் தாளில் விழும். குமிழி உடைந்ததும் அந்த இடத்துக்குப் புது மை வந்து சேரும். ஒரே துளையில் இது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

சொட்டின் அளவைச் சொன்னால் பிரமிப்பாக இருக்கும். அதை பிகோலிட்டரில் அளக்கிறார்கள். ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர். ஒரு சொட்டு 5 பிகோலிட்டர் என்று கணக்கு வைத்தால், சிரிஞ்சில் நாம் இழுக்கும் ஒரே ஒரு மில்லி மையில் 20 கோடி சொட்டு இருக்கிறது. ஹெட் எவ்வளவு நுணுக்கமான பொருள் என்று எனக்கு உறைத்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில்தான்.

இந்த முறை பிறந்த கதையிலும் ஒரு சிரிஞ்ச் இருக்கிறது. 1977-இல் ஜப்பானில், கேனன் நிறுவனத்தின் ஆய்வகத்தில், மை நிரப்பிய சிரிஞ்ச் ஊசியின்மேல் சூடான சால்டரிங் அயர்ன் தவறிப் பட்டுவிட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர் இச்சிரோ எண்டோ அதைச் சும்மா விடவில்லை. அந்த விபத்திலிருந்து வளர்ந்ததுதான் கேனனின் பபுள்ஜெட். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெச்பியின் ஜான் வாட் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்தார். 1984-இல் ஹெச்பி வெளியிட்ட திங்க்ஜெட் பிரிண்டரில் 12 துளைகள்தான். மையோடு ஹெட்டையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டும் வழக்கமும் அதிலிருந்து வந்ததே. அதற்கு முன் இருந்த மைப் பிரிண்டர்களில் ஹெட் அடைத்துக்கொண்டால் பெரிய தலைவலி. ஹெட்டை மலிவாகச் செய்து மையோடு சேர்த்துவிட்டால், அடைத்துக்கொண்டாலும் பழைய மையோடு அதுவும் போய்விடும். நல்ல யோசனைதான். ஆனால் அதனாலேயே, மை தீர்ந்த ஒவ்வொரு முறையும் நன்றாக வேலை செய்கிற ஒரு ஹெட்டும் குப்பைக்குப் போகிறது.

அடுத்தது ஸ்பாஞ்ச். கார்ட்ரிட்ஜைக் குலுக்கினால் தண்ணீர்க் குடம் மாதிரி சலசலக்காது. உள்ளே அடர்த்தியான ஸ்பாஞ்ச் இருக்கிறது, மை அதில் ஊறி நிற்கிறது. விளக்குத் திரி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுபோல ஸ்பாஞ்சின் நுண்துளைகள் மையை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பு இருப்பதால்தான் அடியில் நூற்றுக்கணக்கான துளை திறந்திருந்தும் மை ஒழுகுவதில்லை. அளவுக்கு மேல் மையை ஏற்றினால் ஸ்பாஞ்ச் பிடிக்க முடியாமல் விட்டுவிடும். அப்போது மை பிரிண்டருக்குள் சொட்டும், கலர் கார்ட்ரிட்ஜில் பக்கத்து அறை நிறங்களோடு கலந்து மஞ்சள் பச்சையாகும். ரீஃபில் செய்து கெட்டது என்று மக்கள் சொல்வதில் பெரும்பகுதி இப்படி அதிகம் நிரப்பியதால் வந்ததாகத்தான் இருக்கும். ரொம்பிவிட்டதே என்ற திருப்தி வரும்வரை அழுத்துவது கையின் இயல்பு. இங்கே அது கூடாது.

எப்போது நிரப்புவது என்பதற்கு வருகிறேன். துளைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குட்டி அடுப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் மைதான். மை வராமல் அடுப்பு மட்டும் எரிந்தால் என்ன ஆகும்? பால் வற்றிய பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டால் ஆவதுதான். ஒட்டியிருக்கும் மை தீய்ந்து படலமாகப் படியும். அடுப்பே கருகியும் போகலாம். இந்தப் படிவுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் கோகேஷன். தீய்ந்துபோவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. நம் சமையலறையில் இதை அடிப்பிடித்தல் என்கிறோம்.

ஆகவே எழுத்து வெளிறத் தொடங்கியதும், அல்லது ஒரு நிறம் லேசாகக் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் நாலு பக்கம் ஓட்டிவிடலாம் என்று வெள்ளைக் கோடுகளோடு எடுத்துத் தள்ளுகிறோமே, அந்த நாலு பக்கம்தான் ஹெட்டின் உயிரை வாங்குகிறது. வெளிறியதைக் கண்டதும் எடுத்து, அன்றைக்கோ மறுநாளோ நிரப்பினால் பிழைக்கும். மேசை டிராயரில் மூன்று மாதம் கிடந்து காய்ந்த கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டு போய் நிரப்பக் கேட்டால், "ஹெட் போயிடும்" என்று அந்த இரண்டாவது கடைக்காரர் சொன்னதுதான் நடக்கும். அவர் பார்த்ததெல்லாம் அப்படிப்பட்ட கார்ட்ரிட்ஜ்களாக இருந்திருக்கும்.

மையிலும் கவனம் வேண்டும். பிரிண்டர் மையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் நிறம் எப்படி இருக்கிறது என்பதில் இரண்டு வகை உண்டு. சர்க்கரை கரைவதுபோல நிறம் முழுதாகக் கரைந்திருந்தால் டை மை. மிக நுண்ணிய நிறத்துகள்கள் கரையாமல் மிதந்துகொண்டிருந்தால் பிக்மென்ட் மை. வீட்டுப் பிரிண்டர்களில் கலர் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் டை. கருப்பு பல மாடல்களில் பிக்மென்ட். கேனன் கருப்புக் கார்ட்ரிட்ஜின் பெயரில் வரும் 'பிஜி' என்ற எழுத்துகள் அதைத்தான் சொல்கின்றன. அச்சடித்த தாள் நன்றாகக் காய்ந்தபின் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். டை கலங்கி விரலில் வரும், பிக்மென்ட் அவ்வளவாக அசையாது. பிக்மென்ட் இருந்த இடத்தில் டை ஊற்றினால் எழுத்தின் ஓரம் தாளில் பரவி மங்கலாகத் தெரியும். இரண்டும் கலந்து திரிந்து நாசில் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. எப்சனும் பிரதரும் மையைச் சூடாக்குவதில்லை. மின்சாரம் பட்டால் வளைகிற ஒரு பொருளை வைத்து மையைத் தள்ளுகின்றன. அந்தப் பிரிண்டர்களுக்கான மை சூட்டைத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. அதை ஹெச்பியிலோ கேனனிலோ ஊற்றினால் சீக்கிரம் அடிப்பிடிக்கும். "எல்லாத்துக்கும் ஒரே மைதான்" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்க வேண்டாம். உங்கள் கார்ட்ரிட்ஜ் எண்ணைச் சொல்லி, அதற்கென்று எழுதியிருக்கும் பாட்டிலைக் கேளுங்கள். 100 மில்லி பாட்டில் சில நூறு ரூபாய்தான். பேனா மையும் முத்திரை மையும் கார்ட்ரிட்ஜ் பக்கமே வரக் கூடாது.

இனி வேலையைத் தொடங்கலாம். தரையில் நான்கைந்து செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் வாங்கிய 5 மில்லி சிரிஞ்ச், டிஷ்யூ, பல் குத்தும் குச்சி மூன்று, பழைய துணி. கைக்கு உறை இருந்தால் நல்லது, மை நகக்கண்ணில் போனால் ஒரு வாரம் இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிரிஞ்ச் வைத்துக்கொள்வதுதான் சரி.

கார்ட்ரிட்ஜின் தலைமேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நகத்தால் நெம்பி மெதுவாக உரியுங்கள், கிழித்துவிட வேண்டாம், திரும்ப ஒட்ட வேண்டும். அதன் அடியில் துளைகள் தெரியும். துளையைச் சுற்றிப் புழு ஊர்ந்த தடம் மாதிரி நெளிநெளியாகப் பள்ளங்களும் இருக்கும். காற்று உள்ளே போவது அந்தப் பள்ளங்கள் வழியாகத்தான். அவற்றை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று அறை: சியான் என்னும் நீலம், மெஜெண்டா என்னும் கருஞ்சிவப்பு, மஞ்சள். எந்தத் துளைக்குக் கீழே எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால் எங்கோ பார்த்த படத்தை நம்பாமல் துளைக்கு ஒரு குச்சியை விட்டு எடுத்து, டிஷ்யூவில் தேய்த்து, நிறத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் மஞ்சள் அறையில் நீலத்தை ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். அதைத் திருத்த வழியே இல்லை.

கருப்புக்கு முதல் தடவை 4 மில்லி போதும். கலருக்கு அறைக்கு 2 மில்லி. ஊசியை ஸ்பாஞ்சுக்குள் பாதிக்கு மேல் இறக்கி, மிக மிக மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் ஸ்பாஞ்சுக்குள் காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டு மை நாசிலுக்குப் போகும் வழியை மறித்துவிடும். ஒரு மில்லிக்கு அரை நிமிடம் என்பது என் கணக்கு. துளை வாயில் மை பளபளத்தால் அதோடு நிறுத்தி, சிரிஞ்சால் கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிடுங்கள். மேல்பகுதியைத் துடைத்துவிட்டு, நாசில் கீழே பார்க்கும்படி மடித்த டிஷ்யூவின்மேல் ஐந்து பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள்.

அதன்பின் டிஷ்யூவை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நாசில் தகட்டை அதில் மெதுவாக ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கணம் இதுதான். ஈரத் தாளில் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பட்டை பக்கத்தில் பக்கத்தில் பளிச்சென்று விழும். மூன்றும் தெளிவாக விழுந்தால் ஹெட் நலம். ஒரு பட்டை நடுவில் அறுந்திருந்தால் அந்த இடத்தில் துளைகள் அடைத்திருக்கின்றன. பட்டையே விழவில்லை என்றால் அந்த அறையில் காற்று சிக்கியிருக்கிறது. ஓர் இரவு அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் ஒற்றிப் பாருங்கள். இந்தத் தண்ணீருக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. உப்புத் தண்ணீர் ஊர்களில் குழாய்த் தண்ணீரால் நாசிலைத் துடைத்தால் அந்த உப்பே போய்ப் படியும்.

ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டும்போது இறுக்கமாக செல்லோ டேப் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஒழுகாமல் இருக்கும் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் மை இறங்க இறங்க மேலே காற்று புக வேண்டும். பால் டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் பால் வராமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. நிரப்பியபின் ஒரு பக்கம் அருமையாக வந்து, அடுத்த பக்கம் பாதியில் வெளிறினால் காற்றுத் துளையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த நெளிப் பள்ளத்தின் முனை திறந்திருக்கும்படி ஸ்டிக்கரை வையுங்கள்.

செம்புப் பட்டையில் மை பட்டிருந்தால் பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்துக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் கார்ட்ரிட்ஜ் எரர் என்று விளக்கு மினுக்கும்.

மாட்டியதும் கம்ப்யூட்டர் இன்னமும் மை இல்லை என்றுதான் சொல்லும். பயந்துவிட வேண்டாம். பிரிண்டர் உள்ளே எட்டிப் பார்த்து மையை அளப்பதில்லை. இதுவரை எத்தனை சொட்டு அடித்தோம் என்று கணக்கு வைத்துக் கழித்துக்கொண்டே வருகிறது. நாம் நிரப்பியது அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஹெச்பியில் எச்சரிக்கைக்கு ஓகே கொடுத்துவிட்டுத் தொடரலாம். கேனனில் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மை அளவு பார்ப்பதையே நிறுத்திவிடும். அதன்பின் அளவைப் பார்த்துக்கொள்வது நம் கண்ணின் பொறுப்பு. நான் நிரப்பிய தேதியைப் பென்சிலால் கார்ட்ரிட்ஜ் பக்கவாட்டில் எழுதிவிடுகிறேன்.

இப்படி நிரப்புவது சட்டப்படி சரியா என்று பலர் தயங்குகிறார்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளில் நாம் மை ஊற்றுகிறோம், அவ்வளவுதான். அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. காலி டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) கார்ட்ரிட்ஜ்களை வாங்கி நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின்மேல் பிரிண்டர் நிறுவனமான லெக்ஸ்மார்க் காப்புரிமை வழக்குப் போட்டது. ஒரு பொருளை விற்றபின் அதன்மேல் காப்புரிமை பேச முடியாது என்று 2017 மே 30 அன்று தீர்ப்பு வந்தது. அது டோனர் வழக்குதான், அந்த நாட்டுச் சட்டம்தான். ஆனாலும் நிரப்பி விற்கும் தொழிலுக்கு அது பெரிய தெம்பு.

நிறுவனங்கள் சிப் வழியாகவும் தடுத்துப் பார்க்கின்றன. 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் ஆஃபீஸ்ஜெட் வகைப் பிரிண்டர்கள் பல, வேறு நிறுவனச் சிப் வைத்த கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தன. எதிர்ப்பு கிளம்பவே அந்த மாதக் கடைசியிலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, தடையை நீக்கும் மென்பொருள் தருவதாகச் சொன்னது. பிறகு வந்த பல மாடல்களிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: நிறுவனத்தின் சொந்தக் கார்ட்ரிட்ஜை, அதன் சொந்தச் சிப்போடு நிரப்பினால் இந்தத் தடை பாதிக்காது. பிரிண்டர் வாரண்டியில் இருக்கிறதென்றால் மட்டும் யோசியுங்கள், வெளி மையால் வந்த பழுதை அதில் சேர்க்க மாட்டார்கள்.

மாதம் நூற்றுக்கணக்கில் அச்சடிப்பவர்களுக்கு சிரிஞ்ச் வேலை சரிப்படாது, பாட்டிலிலிருந்து நேராக மை ஊற்றிக்கொள்ளும் டேங்க் பிரிண்டர்தான் நல்லது. அதுவும் ரீஃபில் செய்தவர்களிடமிருந்து வந்த யோசனைதான். இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் பாட்டில்களை வைத்து, மெல்லிய குழாயால் உள்ளே இணைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவதுபோல இருந்ததால் மக்கள் அதற்கு இன்ஃபுஸ் பிரிண்டர் என்றே பெயர் வைத்தார்கள். 2010-இல் எப்சன் தன் முதல் டேங்க் பிரிண்டரை அந்த நாட்டில்தான் வெளியிட்டது. இன்று எப்சனின் 003 கருப்புப் பாட்டில் ஒன்று, 65 மில்லி, சுமார் 4,500 பக்கம் வரும் என்று நிறுவனமே சொல்கிறது. சின்னக் கார்ட்ரிட்ஜ்கள் சில நூறு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன.

ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜை எத்தனை முறை நிரப்பலாம்? என் அனுபவத்தில் கருப்பு ஐந்தாறு முறை வந்திருக்கிறது, கலர் மூன்று நான்கு. வாரத்துக்கு ஒரு பக்கமாவது எல்லா நிறமும் வரும்படி அச்சடித்தால் இது கூடும், சும்மா கிடந்தால் குறையும். கோடுகள் விழுந்தால் பிரிண்டரிலேயே உள்ள ஹெட் கிளீனிங்கை ஒன்றிரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். அதற்குமேல் ஓட்டினால் நிரப்பிய மைதான் வீணாகி, பிரிண்டருக்கு அடியில் இருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும். பதிலாக, ஒரு சிறு தட்டில் சூடான டிஸ்டில்டு வாட்டரை நாசில் மட்டும் நனையும் அளவு ஊற்றி ஐந்து நிமிடம் நிறுத்தி, ஒற்றிப் பாருங்கள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும்.

மூன்று நாள் இதைச் செய்தும் ஈரத் தாளில் பட்டை அதே இடத்தில் அறுந்து விழுந்தால், அந்த இடத்து அடுப்புகள் கருகிவிட்டன. இனி எவ்வளவு மை ஊற்றினாலும் வராது. அப்போது புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள், முதல் வெளிறலிலேயே அதைக் கழற்றி நிரப்பத் தொடங்கலாம். பழையதைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். இந்திய மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்த்தி. ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி, பழைய சார்ஜர், பேட்டரிகளோடு வைத்திருந்து, மின்கழிவு வாங்குமிடத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம்.